படத்தின் ஓரத்தில் ஒரு வாடகை வீடு

மின் கட்டணத்தை ஆன்லைனில் எப்படிக் கட்டுவது என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் கேட்டிருந்தார். 2021-ஆம் வருடம். பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பல வருடமாகக் குப்பை கொட்டுகிறவள் நான். போர்ட்டல், ஓடிபி, கேப்ட்சா எல்லாம் எனக்குத் தயிர்சாதம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே எங்கள் வீட்டு இணைப்பு எண்ணைப் போட்டு பில் பக்கத்தைத் திறந்தேன். நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எங்கே தட்ட வேண்டும் என்று சிவப்பு அம்புக்குறியெல்லாம் போட்டு அனுப்பினேன். ஏழெட்டுக் கும்பிடு வந்தது. ஒருவர் பூங்கொத்து அனுப்பினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மாடிப்படி அடியில் வீட்டுக்காரம்மா நிற்கிறார்.

"என்னம்மா, வேற வீடு பாக்கியளாமே?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் அது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் போனை நீட்டினார். நான் அனுப்பிய படம்தான். நடுவில் பில், பில்லைச் சுற்றி என் சிவப்பு அம்புக்குறி. மேலே, பிரௌசரின் உச்சியில் வரிசையாக ஐந்து டேப். மூன்றாவது டேப்பில், 'வாடகைக்கு 2 பெட்ரூம் வீடு, மகாராஜநகர்.'

"பேத்திதான் பெருசு பண்ணிக் காமிச்சா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

வீடு மாறுவதில் அவருக்கு வருத்தமில்லை. சொல்லாமல் பார்த்ததில்தான் வருத்தம். காபி கொடுத்துச் சமாதானம் பண்ணி அனுப்பினேன். ஆனால் அன்று ராத்திரி என்னைத் தூங்க விடாதது அந்த வாடகை வீடு இல்லை.

படுத்துக்கொண்டே அந்த நான்கு படங்களையும் வேறு யாரோ அனுப்பியவைபோல் பெரிதாக்கிப் பார்த்தேன். டேப் வரிசைக்குக் கீழே புக்மார்க் வரிசை. நாங்கள் கணக்கு வைத்திருக்கும் பேங்கின் பெயர், பையனின் ஸ்கூல் ஃபீஸ் கட்டும் பக்கம், சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல் தளம் ஒன்று. வலது மூலையில் வட்டத்துக்குள் என் போட்டோ. நடுவில் மின் இணைப்பு எண் முழுசாக. 'இன்று இரவு 9.30-க்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்' என்று பிறகு ஊரெல்லாம் ஒரு மோசடி எஸ்எம்எஸ் வந்ததே, அதை அனுப்புகிறவன் கையில் இணைப்பு எண்ணும் பெயரும் தொகையும் இருந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

இதெல்லாம் என் வீட்டுச் சமாச்சாரம். நாலாவது படத்தின் அடியைப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10. திறந்திருக்கும் ஃபைல்களின் பெயரை டாஸ்க்பாரில் எழுத்தாகவே காட்டும்படி அமைத்திருந்தது. அங்கே ஒரு வேர்ட் ஃபைல் திறந்திருந்தது. பெயரில் முதலில் ஒரு கடை, பிறகு '148 நோட்டீஸ் பதில்'. வருமான வரிக்காரர்களோடு புழங்குகிறவர்களுக்கு 148 என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பழைய வருடக் கணக்கை மறுபடி கிளறுவதற்கு வரும் நோட்டீஸ். கடை எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில். குழுவில் அந்தக் கடையில் கடன் வைத்திருப்பவர்களும் உண்டு, அந்தக் கடைக்குக் கடன் கொடுத்தவர்களும் உண்டு.

அழிக்கலாம் என்றால், அப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை எல்லோரிடமிருந்தும் அழிக்கக் கெடு 1 மணி 8 நிமிடம் 16 வினாடி. 2022 ஆகஸ்டில்தான் அதை இரண்டு நாளும் 12 மணி நேரமும் ஆக்கினார்கள். நான் அனுப்பி ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த நாள் காலையில் ஆடிட்டர் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைக்காரர் இன்றுவரை எதுவும் கேட்டதில்லை. ஆனாலும் அவர் கடையில் சாமான் வாங்கும்போதெல்லாம் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வேன்.

அம்புக்குறி போட்ட கை என்னுடையது. கண் முழுக்க அந்த அம்புக்குறி மேல் இருந்தது. அனுப்புகிறவள் நடுவைப் பார்க்கிறாள். பொழுது போகாத ஒரு பேத்தி ஓரத்தைப் பார்க்கிறாள்.

நெல்லையப்பர் கோயிலுக்குப் போனால் நேரே சந்நிதிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. என் மாமியார் பிராகாரம் சுற்றி வந்த பிறகுதான் உள்ளே போவார். ஸ்கிரீன்ஷாட்டைப் பொறுத்தவரை நான் இப்போது மாமியார் கட்சி. இடது மேல் மூலையில் ஆரம்பித்து வலமாக ஒரு சுற்று: டேப்கள், முகவரிப் பட்டை, புக்மார்க், மூலையில் இருக்கும் முகம், வலது ஓர விளம்பரங்கள், கீழே கடிகாரம், டாஸ்க்பார், அப்படியே இடது ஓரம். போனில் எடுத்ததென்றால் மேல் பட்டையில் வரிசையாக நிற்கும் குட்டி ஐகான்கள். அவற்றைப் பார்த்தே எந்த பேங்க், எந்தக் கடன் ஆப், எந்த வரன் பார்க்கும் ஆப் என்று சொல்லிவிடுவார்கள். சுற்றி முடித்த பிறகுதான் நடுவுக்குப் போவேன். மொத்தம் அரை நிமிடம் ஆகும்.

விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓரத்தில் வருவது எல்லோருக்கும் பொதுவான விளம்பரம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். நாம் தேடியதைப் பார்த்துத்தான் பாதி வருகிறது. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேடியவளுக்கு முழங்கால் பட்டை, குழந்தையின்மைக்கு டாக்டர் தேடியவளுக்கு அந்த ஆஸ்பத்திரி. கூகுள் தேடல் பக்கத்தின் அடிக்குப் போனால் நீங்கள் எந்த ஏரியாவில் இருக்கிறீர்கள் என்பதும் சின்ன எழுத்தில் இருக்கும். தேடல் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டியதும் தொங்கும் பட்டியலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வழி சொல்வதற்காக மேப் படம் அனுப்புகிறவர்கள், அதில் 'வீடு' என்று நாமே குறித்து வைத்த குட்டி வீட்டுப் படத்தைக் கவனிப்பதில்லை.

இன்னொன்று முழுப்பக்க ஸ்கிரீன்ஷாட். திரையில் தெரிவதோடு நில்லாமல் பக்கம் முடியும் வரைக்கும் நீளமாக எடுத்துக்கொடுக்கும் வசதி. நாம் கண்ணால் பார்க்காத பகுதியும் அதில் வந்துவிடும். அக்கா மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவைப் பக்கத்தை அப்படி எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். அடியில் 'நீங்கள் அண்மையில் பார்த்தவை' என்று ஒரு வரிசை. அதில் நாத்தனாருக்கு நான் எடுத்துக்கொடுத்த அதே புடவை, 850 ரூபாய் விலையோடு. அவரிடம் நான் விலை சொல்லவில்லைதான். ஆனால் சொல்லாத விதம் வேறு மாதிரி இருந்தது.

முகவரிப் பட்டைக்குத் தனியாக ஒரு பாரா எழுதலாம். 'ஸ்கிரீன்ஷாட் எதுக்கு, லிங்க்கை அனுப்பினால் போதுமே' என்பார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் லிங்க்கின் வாலைப் பார்த்து அனுப்ப வேண்டும். கேள்விக்குறிக்குப் பிறகு நீளமாக ஓடும் எழுத்துக் குப்பையில் சில சமயம் நம் ஈமெயிலே இருக்கும், சில சமயம் நாம் உள்ளே நுழைந்ததற்கான அடையாளம் இருக்கும். ஒரு சொந்தக்காரப் பெண், ஹாஸ்டல் சேர்க்கைக்குத் தான் நிரப்பிய கூகுள் படிவத்தின் லிங்க்கைத் தோழிகளுக்கு அனுப்பினாள். அது வெறும் படிவத்தின் லிங்க் இல்லை, அவள் பதிலைத் திருத்துவதற்கான லிங்க். திறந்த முதல் தோழிக்கு இவள் நிரப்பிய அப்பா சம்பளம், ரத்த வகை எல்லாம் அப்படியே வந்து நின்றன. பாஸ்வேர்ட் மாற்ற வரும் லிங்க், 'லிங்க் இருக்கிற யாரும் பார்க்கலாம்' என்று திறந்து வைத்த ஆவணத்தின் லிங்க் இவையெல்லாம் முகவரிப் பட்டையில் படமாகத் தெரிந்தாலும் போதும். போனை மேலே காட்டினால் படத்திலிருந்து எழுத்தை உருவித் தரும் வசதி இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. டைப் அடிக்கக்கூட வேண்டாம்.

மறைப்பதில் நான் கற்றது என் அண்ணன் மகனிடம். காலேஜில் படிக்கிறான், தீபாவளி லீவுக்கு வந்திருந்தான். ஒரு பார்ட்டிக்கு ரீஃபண்ட் வராமல் திரும்பிவிட்டது, பேங்க் கணக்கு சரிபார்ப்பில் ஏதோ தகராறு. வரி வேலை பார்க்கிறவர்களின் குழு ஒன்றில் கேட்கலாம் என்று போர்ட்டல் பக்கத்தைப் போனில் படமெடுத்து, பெயரையும் கணக்கு எண்ணையும் கறுப்பு மார்க்கரால் தேய்த்தேன். நாலைந்து முறை. பார்க்க நன்றாகக் கறுப்பாக இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

"அத்தை, இதுவா மறைச்சது?"

போனை வாங்கினான். முறுக்கு எண்ணெய் விரலாலேயே எடிட் பக்கத்தைத் திறந்தான். எக்ஸ்போஷரை வலது கோடிக்குத் தள்ளினான், பிரைட்னஸைத் தள்ளினான், கான்ட்ராஸ்டை இடப்பக்கம் இழுத்தான். கறுப்பு சாம்பலாகி, சாம்பலுக்கு அடியில் முதலில் 7 தெரிந்தது. பிறகு இரண்டு சைபர். பிறகு முழு எண்ணும், பிறகு பார்ட்டியின் பெயரும், இனிஷியலோடு. அவன் வாயிலிருந்த முறுக்கு இன்னும் முடியவில்லை.

நான் தேய்த்தது மார்க்கர். புத்தகத்தில் வரிக்கு மேல் மஞ்சள் தீட்டுவோமே, அதன் கறுப்புத் தம்பி. எத்தனை பூச்சு பூசினாலும் அடியில் இருப்பது கொஞ்சம் கசியும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கசிவு போனுக்குத் தெரியும். ஆகவே மறைப்பதென்றால் ஓட்டை விழாத கட்டம் போட்டு, உள்ளே முழு நிறம் நிரப்ப வேண்டும். மங்கலாக்குவதும், சின்னச் சின்னச் சதுரமாக உடைக்கும் மொசைக்கும் எண்களுக்கு ஆகாது. ஓர் இடத்தில் இருக்கக்கூடியது பத்தே இலக்கம். அதே எழுத்துருவில் ஒவ்வொன்றாகப் போட்டு, அதையும் அதே மாதிரி மொசைக் ஆக்கி, எது பொருந்துகிறது என்று பார்த்தால் போயிற்று. இதைச் செய்வதற்கே டீபிக்ஸ் என்று ஒரு நிரல் 2020-இல் வந்தது, அன்ரெடாக்டர் என்று இன்னொன்று 2022-இல். இரண்டும் இலவசம். அதற்கெல்லாம் முன்பே, சிறுவர்களைச் சீரழித்த ஒருவன் தன் முகத்தைச் சுழல்போல் முறுக்கி மறைத்துப் படங்களை வெளியிட்டிருந்தான். ஜெர்மானியக் காவல்துறை நிபுணர்கள் அந்தச் சுழலை எதிர்த் திசையில் அவிழ்த்தார்கள். 2007-இல் இண்டர்போல் முகத்தை வெளியிட்டது. தாய்லாந்தில் ஆள் அகப்பட்டான். அந்த முறை அவிழ்ந்தது நல்லதற்கு.

வெட்டிவிட்டால் தப்பித்தோம் என்று இருந்தேன். 2023 மார்ச்சில் அந்த நிம்மதியும் போயிற்று. சைமன் ஏரன்ஸ், டேவிட் புக்கனன் என்ற இருவர் கண்டுபிடித்தது. பிக்ஸல் போன்களில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், வெட்டி எறிந்த பகுதி ஃபைலுக்குள்ளேயே கிடந்தது. கேசட் காலத்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பழைய பாட்டின் மேல் சின்னதாக ஒரு பாட்டைப் பதிந்தால், அது முடிந்ததும் பழைய பாட்டு விட்ட இடத்திலிருந்து ஓடும் இல்லையா? அப்படித்தான். சின்னப் படத்தைப் பெரிய படத்தின் மேலேயே எழுதிவிட்டு, மிச்ச வாலை நறுக்க மறந்திருந்தார்கள். விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலிலும் இதே கதை என்று அடுத்த சில நாளில் தெரிந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் வெட்டி அனுப்பிய படங்களை யார் சரிசெய்வது?

எங்கள் ஆபீஸில் இதைவிடச் சாதாரணமான ஒரு வடிவம் அன்றாடம் நடந்துகொண்டிருந்தது. வேர்ட் ஃபைலில் ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டி, அங்கேயே ஓரத்தை கிராப் செய்து, பார்ட்டிக்கு ஃபைலை அனுப்புவது. வேர்டில் கிராப் என்பது திரைச்சீலையை இழுத்து மூடுவது மாதிரி. வாங்குகிறவர் படத்தைத் தட்டி ஓரத்தை இழுத்தால் முழுப் படமும் வெளியே வரும். மேலே கறுப்புப் பெட்டி வைத்து மறைத்திருந்தால் பெட்டியை நகர்த்தினால் போதும். பெரிய இடங்களிலும் இதுதான். டிரம்ப்பின் தேர்தல் பொறுப்பாளராக இருந்த பால் மனஃபோர்ட்டின் வக்கீல்கள் 2019 ஜனவரியில் கோர்ட்டில் கொடுத்த பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்த வரிகளை, பத்திரிகைக்காரர்கள் காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டியே படித்துவிட்டார்கள்.

அதனால் இப்போது என் வழக்கம் இது. முதலில் வெட்டு. பிறகு கட்டம் போட்டு முழு நிறத்தில் மறைப்பு. பிறகு அப்படி மறைத்த படத்தைத் திரையில் திறந்து, அதை இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த இரண்டாவதைத்தான் அனுப்புவேன். கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் இரண்டாவது படத்துக்கு முதல் படத்தின் வயிற்றில் என்ன இருந்தது என்றே தெரியாது.

இதைவிடச் சுத்தமான வழி, மறைக்க வேண்டியது திரையிலேயே இல்லாமல் பார்த்துக்கொள்வது. பிரௌசரில் படம் எடுப்பதற்கென்றே ஒரு தனி புரொஃபைல் வைத்திருக்கிறேன். புக்மார்க் கிடையாது, போட்டோ கிடையாது, ஒரே டேப். ஃபயர்ஃபாக்ஸில் வலது கிளிக் செய்தால் பக்கத்தை மட்டும் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட் வசதி உண்டு. டேப்பும் டாஸ்க்பாரும் வராது. லாகின் செய்த பக்கத்தைத்தான் காட்ட வேண்டும் என்றால், பெயரின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' போய், அங்கே தெரியும் எழுத்தை அழித்து 'முருகன் ஸ்டோர்ஸ்' என்றும் எண்ணை வரிசையாக ஒன்றிலிருந்தும் அடித்துவிடுவேன். பக்கம் என் திரையில் மட்டும் மாறும். அவர்கள் கம்ப்யூட்டரில் ஒன்றும் ஆகாது. பத்து வினாடி வேலை. (இவ்வளவு சுலபமாக மாற்ற முடிகிற ஒன்றைத்தான் 'பணம் போட்டுட்டேன், இதோ ஸ்கிரீன்ஷாட்' என்று கடைகளில் காட்டுகிறார்கள். நம்பாதீர்கள்.) போனாக இருந்தால் முதலில் 'டு நாட் டிஸ்டர்ப்' போடுங்கள். ஓடிபிக்கு நேரம் காலம் கிடையாது, படம் எடுக்கிற வினாடியில்தான் மேலிருந்து இறங்கும்.

எது ரகசியம் என்று தெரிந்தால்தானே மறைப்பது? எங்கள் தொழிலிலேயே ஒரு வேடிக்கை உண்டு. ஒருமுறை ஒரு பார்ட்டியின் ஜிஎஸ்டி பக்கத்தைக் குழுவில் போடுவதற்கு முன் பான் எண்ணைக் கட்டம் போட்டு மறைத்து, ஆடிட்டர் சாரிடம் பெருமையாகக் காட்டினேன்.

"பான் மறைச்சிட்டீங்க, சரிம்மா. ஜிஎஸ்டி எண்ணை விட்டுட்டீங்களே."

தலையில் அடித்துக்கொண்டேன். ஜிஎஸ்டி எண் பதினைந்து எழுத்து. முதல் இரண்டு மாநிலத்துக்கு, தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்தும் அப்படியே பான் எண். தினம் நூறு தடவை அடிக்கிற எண், எனக்கே தோன்றவில்லை. கடை பில்லிலேயே அச்சாகிற எண்தானே என்பீர்கள். ஆமாம், தனியாக இருக்கும்வரை அது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. வருமான வரிப் போர்ட்டலிலிருந்து இறக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையின் பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? பான் எண் சின்ன எழுத்தில், கூடவே பிறந்த தேதி. அந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பூட்டு ஓரிடம், சாவி பக்கத்துத் திண்ணையில்.

ஒரு துண்டு இங்கே, ஒரு துண்டு அங்கே. மே மாதம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பெற்றோர் எல்லாரும் மார்க் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். பெயர், பதிவெண், ஒவ்வொரு பாடத்தின் மார்க். ரிசல்ட் பக்கத்தைத் திறக்கத் தேவையானது பதிவெண்ணும் பிறந்த தேதியும். பிறந்த தேதியை அவர்களே கேக் படத்தோடு வருடா வருடம் போட்டுவிடுகிறார்கள், எத்தனையாவது பிறந்தநாள் என்ற மெழுகுவத்தியோடு. பெற்றவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. பதிவெண் வரியை மட்டும் வெட்டிவிட்டுப் போடுங்கள் என்று என் வீட்டாருக்குச் சொல்லிவிட்டேன். மொத்த மார்க்கைக் கையால் எழுதிப் போட்டாலும் அதே பூங்கொத்துதான் வரும்.

க்யூஆர் கட்டம் இன்னொரு கண்ணாமூச்சி. ஆதார் அட்டையில் பன்னிரண்டு எண்ணையும் கவனமாக மறைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் க்யூஆரை அப்படியே விட்டுவிடுவோம். அதற்குள் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் இருக்கிறது. பழைய அட்டைகள் சிலவற்றில் முழு எண்ணுமே இருக்கும். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை அரசே தளத்தில் தருகிறது. அதைத்தான் நான் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன், சிலர் முகம் சுளித்தாலும். டிக்கெட்டும் இப்படித்தான். 2020-இல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபட், விமானப் போர்டிங் பாஸைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணையும் அவர் பெயரையும் வைத்து அலெக்ஸ் ஹோப் என்ற இளைஞர் விமான நிறுவனத்தின் தளத்துக்குள் போனார். பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதே 'இன்ஸ்பெக்ட்'டை அழுத்தினார். பின்னால் ஓடும் நிரல் வரிகளுக்குள் பாஸ்போர்ட் எண்ணும் போன் எண்ணும் கிடந்தன. ஹோப் நல்ல பிள்ளை, உரியவர்களிடம் சொல்லி அடைக்கச் செய்த பிறகுதான் வெளியே எழுதினார். அபட் அவரைக் கூப்பிட்டுப் பேசி, இதெல்லாம் எப்படிக் கற்றுக்கொள்வது என்று கேட்டாராம்.

இதுவரை சொன்னதெல்லாம் எண்கள். எண்ணை மாற்றிக்கொள்ளலாம், கார்டை பிளாக் செய்யலாம். நான் செய்த தவறுகளில் எனக்கு இன்னும் உறுத்துவது எண் சம்பந்தப்பட்டது இல்லை.

மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளைப் பற்றிப் பெண்கள் மட்டும் பேசிக்கொள்ளும் மூடிய குழு ஒன்றில் இருந்தேன். அங்கே ஒருத்தி தன் நிலைமையை, புருஷனிடம்கூடச் சொல்லாததை, நீளமாக எழுதியிருந்தாள். எனக்கும் அதே தொல்லை. டாக்டருக்குப் படிக்கும் சித்தி மகளிடம் கேட்கலாம் என்று அதைப் படமெடுத்து, மேலே பெயரை ஒழுங்காக மறைத்து அனுப்பினேன். அவள் நல்லெண்ணத்தில் தன் தோழிக்கு அனுப்பினாள். அங்கிருந்து எங்கே போயிற்றோ. மூன்றாம் நாள் எழுதியவளிடமிருந்தே எனக்குச் செய்தி வந்தது. பெயரை மறைத்திருந்தேன், ஆனால் கீழே பதில் எழுதிய ஒருத்தி அவளைப் பெயர் சொல்லி 'கவலைப்படாதீங்க அக்கா' என்று ஆரம்பித்திருந்தாள். முகப்புப் படம் பட்டாணி அளவுக்கு இருந்தது. அது அவள் ஊர்க் கோயில் தேர். அவள் ஊர்க்காரர்களுக்கு அது போதும்.

அவள் திட்டவில்லை. 'நீங்கதானே எடுத்தீங்க? அன்னைக்கு லைக் போட்டது நாலு பேர்தான்' என்று மட்டும் கேட்டிருந்தாள். நான் ஆமாம் என்றேன். குழுவைவிட்டுப் போய்விட்டாள்.

அவள் எழுதியதில் எனக்குத் தேவைப்பட்டது இரண்டு வரி. என்ன மாத்திரை, எத்தனை நாள். அதை நானே டைப் அடித்துக் கேட்டிருக்கலாம். இப்போது அடுத்தவர் எழுதியதைப் படமெடுக்கக் கை போகும்போதெல்லாம், இதை என் வாக்கியத்தில் சொல்ல முடியாதா என்று பார்க்கிறேன். முக்கால்வாசி முடிகிறது. முடியாதபோது அவர்களிடமே கேட்டுவிடுகிறேன்.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. கம்பெனிகளைக் கேள்வி கேட்க அது உதவும். ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தகவலுக்கு அது பொருந்தாது. நீங்களாகவே பொதுவெளியில் போட்ட உங்கள் தகவலுக்கும் பொருந்தாது. தெருக் குழுவில் நானே போட்ட படத்துக்கு எந்தச் சட்டத்தைக் கூப்பிடுவேன்?

இவ்வளவு வெட்டு, மறை என்று சொன்னவள் ஓர் இடத்தில் மட்டும் வெட்டாதீர்கள் என்பேன். ஏமாந்துவிட்டீர்கள், புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஓரம்தான் வேண்டும். பக்கத்துப் போர்ஷன் அம்மா மின்சார மோசடியில் பணம் இழந்தபோது, வந்த செய்தியை மட்டும் அழகாக வெட்டி வைத்திருந்தார். அனுப்பிய எண், தேதி, நேரம், திறந்த பக்கத்தின் முகவரி எல்லாம் வெட்டுப்பட்ட பகுதியில் போய்விட்டன. போதாக்குறைக்குப் பயத்தில் செய்தியையும் அழித்துவிட்டார். முதலில் 1930-க்குப் போன் செய்யுங்கள், பணம் கைமாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. படத்தை முகவரிப் பட்டையோடு, கடிகாரத்தோடு முழுசாக எடுத்து வையுங்கள். மூலச் செய்தியைத் தொடாதீர்கள். அது போலீசுக்கு மட்டும் போகிற படம். 'இப்படித்தான் ஏமாந்தேன்' என்று ஊருக்குச் சொல்ல வேறொன்று, மறைத்தது, தனியாக.

நாங்கள் 2022-இல் மகாராஜநகருக்கே குடிபோய்விட்டோம், அந்த டேப்பில் இருந்த வீடு இல்லை, வேறு. பழைய தெருக் குழுவிலிருந்து மட்டும் விலகவில்லை. போன வைகாசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரம்மா குழுவில் ஒரு படம் போட்டார். மாடி வீடு காலியாம். விளம்பரத் தளத்தில் பேத்தி போட்டுக்கொடுத்த பக்கத்தைப் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறார். ஹால், கிச்சன், இரண்டு பெட்ரூம், வாடகை, முன்பணம். பழக்கதோஷம், நான் மூலையிலிருந்து ஆரம்பித்தேன். மேலே, ஹால் படத்தின் பாதியை மறைத்துக்கொண்டு, பேங்கிலிருந்து வந்த எஸ்எம்எஸ் இறங்கி நின்றது. பென்ஷன் வரவு. பக்கத்திலேயே கணக்கில் மொத்த இருப்பு, பைசா சுத்தமாக.

உடனே கூப்பிட்டேன். "அம்மா, அந்தப் படத்தை அழிச்சிருங்க. மேல பாருங்க, பேங்க் மெசேஜ் இருக்கு."

"அய்யய்யோ. இரும்மா, இரு, இப்பவே..." ஏதோ தட்டும் சத்தம். "ஆங். அழிச்சிட்டேன்."

என் திரையில் படம் அப்படியே இருந்தது. "என்னம்மா தட்டுனீங்க? டெலீட் ஃபார் எவ்ரிஒன்தானே?"

"டெலீட் ஃபார் மீ. எனக்குத்தானே அழிக்கணும்? எனக்கு இப்ப தெரியலம்மா. போயிட்டுல்லா?"

இனி அவரால் அதை யாரிடமிருந்தும் அழிக்க முடியாது. குழு அட்மினால் முடியும். பிறகு வந்த வசதி அது. அட்மின் ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். காலையில் பேப்பர் முழுக்கப் படித்துவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் நெட்டை ஆன் பண்ணுவார், செல்லை சைலன்ட்டில் போட்டுவிட்டுத்தான் தூங்குவார். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவர் வீட்டு லேண்ட்லைன் நம்பர் யாரிடம் இருக்கும் என்று பழைய டைரியைத் தேட ஆரம்பித்தேன்.